பயிற்சிக் கையேட்டுக்கு ஸ்லாப் செரிஃப் சரிப்படுமா?

கேள்வி: எங்கள் தொழிற்பயிற்சி மையத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கையேடு வடிவமைக்கிறேன். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (பளபளப்புப் பூச்சு இல்லாத சாதாரண அச்சுத் தாள்) தாளில் ஆஃப்செட் அச்சு. அப்புறம் அதைத்தான் எல்லோரும் ஜெராக்ஸ் எடுப்பார்கள். டைம்ஸ் நியூ ரோமன் வைத்தால் மெல்லிய கோடுகள் ஜெராக்ஸில் அறுந்துபோகின்றன. ராக்வெல் என்ற ஸ்லாப் செரிஃப் ஃபாண்ட் வைத்தால் பக்கம் முழுக்கத் தலைப்பாகவே தெரிகிறது. நீண்ட உரைக்கு ஸ்லாப் செரிஃப் ஆகாதா?

பதில்: தாராளமாக ஆகும். ராக்வெல்தான் இந்த வேலைக்கு உரிய ஆள் இல்லை.

செரிஃப் என்பது எழுத்தின் முனைகளில் நீட்டி நிற்கும் சிறு கோடு. அது கட்டையாக, தடித்து நிற்பது ஒன்றுதான் இந்த வகை ஃபாண்ட்களுக்குப் பொது. மற்றபடி குணம் ஆளுக்கு ஆள் மாறும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் இவை புழக்கத்துக்கு வந்ததே சுவரொட்டி, விளம்பரம் போன்ற பெரிய எழுத்து வேலைகளுக்காகத்தான். 1934இல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட ராக்வெல்லில் 'ஓ' கிட்டத்தட்ட காம்பஸில் போட்ட வட்டம். தலைப்புக்கு அது அழகு. பத்திக்கு வந்தால் இடத்தைத் தின்னும். கண்ணும் வரியோடு ஓடாமல் எழுத்துக்கு எழுத்து நிற்கும்.

உரைக்கென்றே வரைந்த ஸ்லாப் எப்படி இருக்கும் என்று பார்க்க, பிஎம்என் செசிலியாவைப் பாருங்கள். நெதர்லாந்துக்காரரான பீட்டர் மத்தியாஸ் நோர்ட்ஸெய் வடிவமைத்து, லைனோடைப் நிறுவனம் 1990இல் வெளியிட்டது. பழைய கிண்டில் (மின்நூல் வாசிக்கும் கருவி) வைத்திருந்தவர்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். அதில் புத்தக உரை இந்த எழுத்தில்தான் வரும். அந்தக் காலத்துச் சாம்பல் திரையில் மெல்லிய கோடு தாங்காது. உங்கள் ஜெராக்ஸ் மெஷினிலும் அதே தொல்லைதானே! செசிலியாவில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் குறைவு, அதனால் அறுந்துபோக ஒன்றும் இல்லை. ஆனால் வளைவுகளில் பேனா பிடித்த கையின் ஓட்டம் இருக்கிறது. சின்ன எழுத்துகள் (லோயர்கேஸ்) உயரமானவை, எழுத்துக்குள் இருக்கும் வெளிகள் திறந்தவை. இட்டாலிக்கும் நிமிர்ந்த எழுத்தைச் சும்மா சாய்த்தது இல்லை, தனியாக வரைந்தது. கலைச்சொற்களை இட்டாலிக்கில் காட்டும் கையேட்டுக்கு இது முக்கியம்.

செசிலியாவுக்கு உரிமம் வாங்க வேண்டும். பட்ஜெட் இல்லையென்றால் பிட்டர் என்ற ஸ்லாப் இருக்கிறது: அர்ஜென்டினாவின் சோல் மட்டாஸ் திரை வாசிப்பை மனதில் வைத்து வரைந்தது, இலவசம், அச்சிலும் நன்றாக உழைக்கும். உங்கள் கையேட்டுக்கு நான் அதைத்தான் எடுப்பேன். (நாவல் என்றால் இரண்டு முறை யோசிப்பேன், ஸ்லாபுக்குக் கொஞ்சம் அலுவலக வாடை உண்டு.)

அளவை 9.5 பாயின்டில் தொடங்குங்கள். சின்ன எழுத்து உயரம் என்பதால் டைம்ஸின் 11 பாயின்ட் அளவுக்குத் தெரியும். வரி இடைவெளியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், 14 பாயின்டாவது கொடுங்கள். கோடுகள் ஒரே தடிமனாக இருப்பதால் பக்கம் சீக்கிரம் கறுத்துவிடும். மேப்லித்தோவில் மை வேறு கொஞ்சம் பரவும். அதனால் உரைக்கு ரெகுலர் தடிமனைத் தாண்டிப் போகாதீர்கள். தலைப்புக்கு அதே குடும்பத்தின் போல்ட் போதும். இன்னொரு ஸ்லாபைக் கலந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

இடையில் தமிழ் வரிகள் வந்தால், கோடு ஒரே சீராக ஓடும் தமிழ் ஃபாண்ட் பக்கத்தில் நன்றாக உட்காரும். பாயின்ட் எண்ணை நம்பாமல் கண்ணால் பார்த்து அளவைப் பொருத்துங்கள்.

முழுப் புத்தகத்தையும் லேஅவுட் செய்வதற்கு முன் ஒரு பக்கத்தை அச்செடுத்து, அதை ஜெராக்ஸ் போட்டு, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் போடுங்கள். சின்ன 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி 'எம்' ஆகிவிட்டதா, சின்ன 'ஈ'யின் கண் (உள்ளே மூடியிருக்கும் வெளி) அடைத்துவிட்டதா என்று பாருங்கள். ஒட்டினால் எழுத்து இடைவெளியை ஒரு சுற்று கூட்டுங்கள். கண் அடைத்தால் அரை பாயின்ட் ஏற்றுங்கள்.