வாசகர் கேள்வி பதில்: போவாவா, மலைப்பாம்பா?

கேள்வி: வேலை மாற்றலாகிப் போன நண்பர், தான் வளர்த்த மூன்றடிப் பாம்பை எங்களிடம் விட்டுச் சென்றார். அயல்நாட்டுப் பாம்பான போவா என்றார்; பார்த்தவர்கள் மலைப்பாம்பு என்கிறார்கள். பகலில் கருத்தும் இரவில் வெளுத்தும் தெரிகிறது. இரண்டு நாளாக உடல் மங்கி, கண் நீலம் பாரித்திருக்கிறது. நோயா?
– வாசகி, ஏற்காடு

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் சட்டை உரிப்பதற்கு முந்தையவை. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே நீர் சுரப்பதால் கண் பால்நீலமாகிறது. சில நாளில் கண் தெளியும். அதிலிருந்து ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் உரித்துவிடும். அதுவரை இரை போடாதீர்கள், கையில் எடுக்காதீர்கள். பார்வை மங்கியிருப்பதால் பயந்து கடிக்கும்.

இனத்தை அறிய அந்தச் சட்டையே போதும். வால்பகுதியை நீரில் நனைத்து விரித்து, அடிப்பக்கச் செதில்களைப் பாருங்கள். ஒற்றை வரிசை என்றால் போவா. இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தால் பெரும்பாலும் மலைப்பாம்பு வகை. தலையையும் பாருங்கள்: வழக்கமாக வளர்க்கும் போவாவுக்குத் தலை முழுக்கப் பொடிச் செதில்கள், உதட்டில் குழிகள் தெரியாது. நம் மலைப்பாம்புக்கு உதட்டுச் செதில்களில் வெப்பம் உணரும் குழிகளும், தலையில் ஈட்டிமுனை போன்ற அடையாளமும் உண்டு. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் காட்டு மலைப்பாம்பு என்று தெரிந்தால் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அயல்நாட்டுப் போவா என்றாலும் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையத்தில் பதிவு வேண்டும், கைமாறியதையும் தெரிவிக்க வேண்டும். நண்பரிடம் தாள்களைக் கேட்டு வாங்குங்கள்.

பகல் இரவு நிறமாற்றம் பல போவாக்களுக்கு இயல்பு. தோல் செல்களில் கருநிறத் துகள்கள் பரவினால் உடல் கருக்கும். நடுவில் ஒடுங்கினால் வெளுக்கும். மாற்றத்தைக் கவனிக்க விரும்பினால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே விளக்கில் படம் எடுங்கள். வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் ஏமாற்றும்.

உங்கள் ஊரில்தான் உண்மையான சிக்கல். 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழிக் குளிர் போவாவுக்கு ஆகாது. தொட்டியின் ஒரு பக்கம் 31–32 டிகிரி, மறுபக்கம் 26–27 இருக்கட்டும். இரவிலும் 24-க்குக் கீழே போகக்கூடாது. ஹீட்டர் போட்டால் காற்று வறளும், சட்டை துண்டுதுண்டாக வரும். ஈரப்பதம் 60–70 சதவீதம் இருக்க, ஒரு மூடிய டப்பாவில் பாம்பு நுழைய ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூளை நிரப்பி வையுங்கள். சட்டை ஒட்டிக்கொண்டால் 28–30 டிகிரி நீரில், உடலின் பாதி உயரம் மட்டும், அருகிலேயே இருந்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு ஈரத்துண்டில் ஊர விடுங்கள். கண்ணின் மேல் ஒட்டிய பழைய தோல்மூடியைப் பிடுங்கவே கூடாது. வால்நுனியில் தோல் வளையம் தங்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனி அழுகும்.

ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) என்றால் தெர்மோஸ்டாட் (வெப்பக் கட்டுப்படுத்தி) கட்டாயம். சூடு ஏறினாலும் பாம்பு அதன்மேலேயே படுத்திருந்து வெந்துபோகும். உரிக்கும் முன் வயிறு இளஞ்சிவப்பாவது சரி. கொப்புளம், பழுப்புத் திட்டு தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

கேள்வி: நிலக்கடலைக் காட்டில் செம்மஞ்சளாக, வாலில் கறுப்புப் பட்டையோடு ஒரு குட்டி. வரப்பில் பார்த்த பெரியது கருப்பு. இரண்டும் ஒன்றா? இதற்கு லட்சக்கணக்கில் விலை என்கிறார்களே?
– ஓமலூர் வாசகர்

பதில்: இரண்டும் மண்ணுளிப் பாம்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம். குட்டியில் சிவப்பும் பட்டையும் பளிச்சென்று இருக்கும். வளர வளரப் பட்டை மறைந்து பழுப்பாகவோ கருப்பாகவோ மாறும். இரண்டு தலையெல்லாம் இல்லை, அந்த மொட்டை வால்தான் தலைபோலத் தெரிகிறது. லட்சம் தருவதாகச் சொல்பவர் மோசடிக்காரர். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம். எலி தின்னும் பிராணி அது, காட்டிலேயே இருக்கட்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதன் உறவான, உடலில் பழுப்புத் திட்டுகள் உள்ள இன்னொரு மண்ணுளியைக் கண்ணாடி விரியனோடு குழப்பிக்கொள்வது சகஜம். விரியனுக்கு முக்கோணத் தலை, ஒல்லிக் கழுத்து, சங்கிலிபோல் வரிசையாக முட்டைவடிவப் புள்ளிகள். சீறல் பலமாகக் கேட்கும். மண்ணுளியின் கழுத்து தலையோடு ஒரே தடிமன், திட்டுகள் ஒழுங்கின்றி ஒன்றோடொன்று இணைந்திருக்கும். இதைச் சரிபார்க்கக் கிட்டப் போகாதீர்கள். சந்தேகமென்றால் விரியன் என்றே எண்ணி விலகுங்கள்.

கேள்வி: உரித்த சட்டையில் ஏன் நிறமில்லை?
– மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நிறச் செல்கள் பெரும்பாலும் உள்தோலில் உள்ளன. உரிவது மேல்தோலின் கெரட்டின் படலம் மட்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கோலத்தின் நிழல் லேசாகத் தெரியும்.