பின்னங்காலை இழுத்து நடக்கும் ஓய்வுபெற்ற காவல் நாய்

கேள்வி: காவல் துறையின் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஜெர்மன் ஷெப்பர்ட் ஒன்றை வளர்த்து வருகிறேன். வயது 9. சில வாரங்களாக இடது பின்னங்காலை இழுத்து நடக்கிறது. நகங்கள் தரையில் உரசித் தேய்ந்துவிட்டன. ஆனால் வலியால் முனகுவதில்லை. இது முதுமைதானா?
– வாசகர், கோவை

பதில்: முதுமை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பின்னங்காலில் தொடங்கும் வலியற்ற தளர்ச்சி, தண்டுவட நரம்பிழைகள் படிப்படியாகச் சிதையும் ‘டிஜெனரேட்டிவ் மைலோபதி’ நோயின் தொடக்கமாக இருக்கலாம். பெரும்பாலும் 8 வயதைக் கடந்த நாய்களுக்கு வரும் இந்நோயால், பல நாய்களின் பின்னங்கால்கள் 6 முதல் 12 மாதங்களுக்குள் செயலிழக்கின்றன. ‘எஸ்ஓடி1’ என்ற மரபணுவின் பிறழ்வு இதனோடு தொடர்புடையது என்பது 2009-இல் கண்டறியப்பட்டது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிதைவதால் மனிதர்களுக்கு வரும் ஏ.எல்.எஸ். நோயிலும் ஒரு பகுதியினருக்கு இதே மரபணுவின் பிறழ்வுகளே காரணம்.

எனினும், இந்த நோய்தான் என்று இப்போதே முடிவு செய்வதும் தவறு. தாவுதல், மதிலேறுதல் என்று உழைத்த நாய்களுக்கு இடுப்புக்கும் வாலுக்கும் இடைப்பட்ட முதுகெலும்புப் பகுதி குறுகி நரம்பை அழுத்துவது உண்டு. டிஸ்க் விலகலும் கட்டியும்கூட இதே அறிகுறிகளைத் தரலாம். இவற்றில் சிலவற்றை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும் என்பதால்தான் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். பணியில் பழகிய நாய்கள் வலியை எளிதில் வெளிக்காட்டாதவை. ஆகவே முனகாததை மட்டும் வைத்து வலியில்லை என்று கொள்ள வேண்டாம். நரம்பியல் பரிசோதனையும், மருத்துவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் செய்யுங்கள். மரபணுப் பரிசோதனையில் பிறழ்வின் இரு பிரதிகள் (தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று) தெரிந்தாலும் அது ஆபத்தைத்தான் காட்டும். அப்படிப்பட்ட எல்லா நாய்களுக்கும் நோய் வருவதில்லை. இந்நோயை ஐயமற உறுதிசெய்வது, இறந்தபின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் ஆராய்வதால் மட்டுமே இயலும்.

டிஜெனரேட்டிவ் மைலோபதியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் இயன்முறைப் பயிற்சி பலன் தரக்கூடும்: 2006-இல் வெளியான 22 நாய்கள் பற்றிய ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்றவை சராசரியாக 255 நாட்களும், பயிற்சியே பெறாதவை 55 நாட்களும் வாழ்ந்தன. சிறிய ஆய்வுதான், ஆயினும் இந்த வேறுபாட்டைப் புறக்கணிக்க மனம் வரவில்லை. அன்றாடம் பலமுறை மெதுவான நடையும், இயன்றால் நீரில் நடைப்பயிற்சியும் கொடுங்கள். வழுக்கும் டைல்ஸ் தரையில் விரிப்புப் போடுங்கள். பாதத்தில் புண் வராமல் காலுறை மாட்டுங்கள். உடல் எடையைக் கூடவிடாதீர்கள். நடக்க இயலாத நிலை வந்தால் படுக்கைப்புண்ணையும், சிறுநீர் தேங்கித் தொற்று ஏற்படுவதையும் கவனித்து வாருங்கள்.