"சின்னத் திருத்த வேலை" என்று எழுதலாமா? பழைய பனி வண்டி விற்கும் வாசகருக்கு

கனடாவின் ஒன்ராறியோவில் சிம்கோ ஏரிப் பக்கம் வீடு வாங்கிய வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வளவில் இருந்த பழைய களஞ்சியத்தில் ஒரு பொம்பார்டியே பி-12 பனி வண்டி நின்றதாம். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ரப்பர் பட்டி, பக்கவாட்டில் வட்ட யன்னல்கள். வீட்டை விற்றவர், "இது காலமான என் அப்பாவின் வண்டி, இனி உங்களுக்கு" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வாசகர் இரண்டு வருடம் மினக்கெட்டு அதை ஓட வைத்துவிட்டார். இப்போது கியூபெக்கில் ஒரு சேகரிப்பாளர் கேட்கிறார். "1951 மொடல், சின்னத் திருத்த வேலைகள் உண்டு, உள்ளபடியே விற்கப்படும்" என்று எழுதி விற்றால் பிறகு பிரச்சினை வருமா? எஞ்சின் புளொக்கில் இருந்த மயிரிழைக் கீறலுக்கு எபொக்சிப் பசை பூசி வர்ணம் அடித்திருக்கிறாராம். அதையும் சொல்ல வேண்டுமா?

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். சொல்லத்தான் வேண்டும்.

ஒன்ராறியோவில் வியாபாரி அல்லாத ஒருவர் பழைய பொருளை விற்றால் சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம்தான். பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தரும் தர உத்தரவாதம், அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகச் செய்பவரைத்தான் கட்டுப்படுத்தும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் உங்களைத் தொடாது. வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் அவர் டோர்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியாதபடி கீறலுக்கு மேலே வர்ணம் பூசிவிட்டு வாய் திறக்காமல் இருந்தால், அது மௌனம் அல்ல, மறைப்பு. நல்ல எண்ணத்தில்தான் பூசினீர்கள் என்று நான் நம்புகிறேன். விற்கும் நாளில் சொல்லாமல் விட்டால் நீதிபதி நம்பமாட்டார். மோசடி என்று தீர்ப்பானால் "உள்ளபடியே" என்ற சொல் உங்களைக் காப்பாற்றாது.

அடுத்தது "சின்னத் திருத்த வேலை". இந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். உங்களுக்குச் சின்னது, அவருக்குச் சின்னதாக இருக்குமா? இடது பட்டியில் இரண்டு வெடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். கடையில் போய் வாங்கி மாட்டும் பொருளா அது? வெடித்த பட்டி ஏரி நடுவில் அறுந்தால், "சின்ன வேலை என்றாரே, நம்பித்தானே வாங்கினேன்" என்று அவர் சொல்வார், அதில் நியாயமும் இருக்கும். வேலையின் அளவை நீங்கள் சொல்லாதீர்கள், குறையின் பெயரைச் சொல்லுங்கள்: இடது பட்டியில் இரண்டு வெடிப்பு, நிறுத்தி வைத்தால் காபரேட்டரில் பெற்றோல் கசியும், பிரேக் சரியாகப் பிடிக்காது, வலப்பக்கம் இரண்டாவது வட்டக் கண்ணாடி உடைந்தது, புளொக்கில் கீறல், எபொக்சி பூசியது. ஒவ்வொன்றுக்கும் படம் எடுங்கள். இப்படி எழுதினால் விலை கொஞ்சம் இறங்கலாம். இறங்கட்டும்.

பிரேக் விஷயத்தில் நான் இன்னும் கடுமையாக இருப்பேன். ஆளுக்கு ஆபத்தான குறை என்று தெரிந்தும் எச்சரிக்காமல் கொடுத்தால், யாருக்காவது அடிபடும்போது வழக்கு வண்டியின் விலையோடு நிற்காது. அதைத் திருத்திவிட்டே விற்கலாம். முடியாவிட்டால் ஓட்டிப் பார்க்கக் கொடுக்க வேண்டாம். எஞ்சினை மட்டும் போட்டுக் காட்டி, ட்ரெயிலரில் ஏற்றிப் போகச் சொல்லுங்கள்.

1951 என்பது எப்படித் தெரியும்? வண்டித் தகடு தேய்ந்துபோய்விட்டது, வீட்டை விற்றவர் சொன்னார் என்கிறீர்கள். 1957இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, ஒஸ்கர் செஸ் எதிர் வில்லியம்ஸ். ஒருவர் தன் மொரிஸ் காரை 1948 மொடல் என்று சொல்லிக் கார் வியாபாரிகளிடம் 290 பவுணுக்குக் கொடுத்தார். உண்மையில் அது 1939. பதிவுப் புத்தகத்தில் முன்பே யாரோ ஆண்டை மாற்றியிருந்தார்கள், அவருக்கு அது தெரியாது. அவர் சொன்னது உத்தரவாதம் ஆகாது, கண்டுபிடிக்கக்கூடியவர்கள் வியாபாரிகள்தான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இந்த வழக்கு உங்களுக்குச் சாதகமானது. ஆனாலும் அப்பாவித்தனமாகச் சொன்ன தவறான தகவலுக்காகவும் விற்பனையை ரத்துச் செய்யக் கேட்கலாம். அதனால் "1951 என்று எனக்குச் சொல்லப்பட்டது, உறுதி செய்யவில்லை" என்று எழுதுங்கள். எஞ்சின் பிற்காலத்தில் மாற்றியதாக இருந்தால் அதையும் எழுதுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் பனியில் கொண்டுபோன வண்டி இது. 1934இல் வழி பனியால் அடைபட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் தன் மகனை இழந்தவர், இந்த வண்டியை உருவாக்கிய ஜோசெஃப்-அர்மான் பொம்பார்டியே. சேகரிப்பவர்கள் அந்த வரலாற்றுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள், ஒரு ஆணி மாறினாலும் கேட்பார்கள்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது அந்தத் தாள். வண்டி அப்பாவுடையது, கையெழுத்து மகனுடையது. அப்பாவின் சொத்துக்கு அவர்தான் நிறைவேற்றுநரா, அதாவது இறந்தவரின் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்புள்ளவரா? வேறு சகோதரர்கள் இருந்தால்? தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. விற்கும் உரிமை உண்டு என்ற நிபந்தனை அதே பொருள் விற்பனைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி தனிநபருக்கும் பொருந்தும். "உள்ளபடியே" என்று மட்டும் எழுதி அதிலிருந்து தப்ப முடியாது. அவரைத் தேடிப் பிடித்து, நிறைவேற்றுநர் என்ற முறையில் புதிதாக ஒரு கடிதம் வாங்குங்கள். வண்டி இலக்கத்தை வாசிக்க முடிந்தால், வண்டியை ஈடாக வைத்த கடன் பதிவு ஏதும் இருக்கிறதா என்றும் தேடுங்கள். பட்டி வேலை செய்த கராஜுக்குக் காசு பாக்கி என்றால் முதலில் கட்டிவிடுங்கள், அந்தக் கராஜ்காரருக்கும் கூலிக்காக வண்டிமேல் உரிமை இருக்கலாம்.

விற்பனைப் பத்திரத்தில் மேலே சொன்ன குறைகளை அப்படியே இறக்கி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வாங்குபவரின் சுருக்கக் கையெழுத்தை வாங்குங்கள். சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் 2025 அக்டோபர் முதல் 50,000 டொலர் வரை கேட்கலாம். குறை தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு வருட அவகாசம். அதனால் அந்தப் பத்திரத்தையும் படங்களையும் எறிந்துவிடாதீர்கள். அவர் வங்கி வரைவோலை தந்தால், அதை எழுதிக் கொடுத்த வங்கியில் சரிபார்த்த பிறகுதான் களஞ்சியக் கதவைத் திறக்க வேண்டும்.