2,500 ரூபாய்க்கு உழைக்கற ஃபெல்ட் தொப்பி: வாசகர் கேள்விகள், நம்ம பதில்கள்

கேள்வி: அண்ணா வணக்கம். ஊர் கிருஷ்ணகிரி, வேலை ஓசூர்ல ஒரு கம்பெனியில. ரொம்ப நாளா ஃபெல்ட் ஃபெடோரா, அதான் உச்சியில குழியும் சுத்தி ஓரமும் வச்ச தொப்பி, அது மேல ஒரு ஆசை. போன வருஷம் ஆன்லைன்ல 450 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கினேன். ரெண்டே மாசத்துல ஓரம் அப்பளம் மாதிரி அலை அலையா ஆயிடுச்சு, முன்னாடி கிள்ளினாப்ல குழி இருக்கும்ல, அந்த இடம் கிழிஞ்சும் போச்சு. இப்ப கையில 2,500 இருக்கு. அதுக்குள்ள நாலஞ்சு வருஷம் உழைக்கற மாதிரி கிடைக்குமா? எதப் பாத்து வாங்கணும்?

பதில்: கிடைக்கும் தம்பி, ஆனா கம்பெனி பேர பாக்காம துணிய பாத்து வாங்கணும். துணின்னு சொல்றதே தப்பு, ஃபெல்ட்ல நூலும் கிடையாது நெசவும் கிடையாது. செம்மறி ஆட்டு முடிய மைக்ரோஸ்கோப்ல வச்சு பாத்தா மீன் செதில் மாதிரி சின்னச் சின்னதா இருக்கும், சூடும் ஈரமும் குடுத்து போட்டு அமுக்கி உருட்டினா அந்த செதில் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும், அப்புறம் பிரிக்க முடியாது, அதான் ஃபெல்ட். ஆடு மேய்க்கறவங்க மழைக்கு கொங்காடை போட்டுக்கற கம்பளி தெரியும்ல, அத எங்க ஆயா ஒரு தடவ சுடுதண்ணியில ஊற வச்சு கும்மி துவைச்சுட்டு வெளிய எடுத்தா கையகலத்துக்கு சுருங்கி அட்டை மாதிரி நிக்குது. அன்னைக்கு வீட்ல ஆயாவுக்கு நல்ல திட்டு. இப்ப யோசிச்சா அது அரைகுறையா ஃபெல்ட் பண்ணினது தான்.

நீங்க 450க்கு வாங்கினது அனேகமா பாலியஸ்டரா இருக்கும். ஸ்கூல் பசங்க கிராஃப்ட் வேலைக்கு வாங்கற கலர் ஷீட்டு இருக்குல்ல, அதோட பங்காளி. செதிலும் கிடையாது ஒண்ணும் கிடையாது, பசை போட்டு விறைப்பா நிக்க வச்சிருப்பான், வேர்வையில பசை இளகிச்சுன்னா தொப்பியும் இளகிடும். அதுக்கு மேல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ஊல் ஃபெல்ட், ஆட்டு முடி. இன்னொண்ணு ஃபர் ஃபெல்ட், முயல் முடி இல்லன்னா பீவர்னு ஒரு நீர்விலங்கோட முடி. ஃபர் மெல்லிசா, லேசா, அதே நேரம் கெட்டியா இருக்கும், தூறல் பட்டா தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும், ஒழுங்கா வச்சுக்கிட்டா இருபது முப்பது வருஷம் கூட போகும். ஆனா புதுசுல உங்க பட்ஜெட்டுக்கு அது எட்டாது, நான் பாத்த வரைக்கும் பத்தாயிரத்துக்கு கீழ நல்லது கண்ணுல படல. அதனால உங்க கணக்குக்கு ஊல் ஃபெல்ட் தான். லேபிள்ல "100% ஊல்"னு தெளிவா போட்டிருக்கணும். வெறும் "ஃபெல்ட்", "பிரீமியம் ஃபெல்ட்", "ஊல் டச்"னு இருந்தா நகந்துடுங்க.

கடையில கையில எடுத்ததும் முதல்ல பிரிம்ம, அதாவது சுத்தி இருக்கற ஓரத்த, ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு ஒரு சுத்து தடவிட்டு வாங்க. ஒரே கனமா வரணும். ஒரு இடம் மொத்தமா ஒரு இடம் மெல்லிசா இருந்தா நாளைக்கு மெல்லிசான எடத்துல தான் தொங்கும். அப்புறம் ஓரத்த லேசா கீழ மடக்கி விடுங்க, தானா திரும்பி வரணும். மடக்கவே முடியாம அட்டை மாதிரி விறைப்பா இருந்தா "ஆஹா என்னா ஸ்ட்ராங்கு"ன்னு ஏமாறாதீங்க, அது முழுக்க பசை. அடுத்தது செல்போன் டார்ச்ச உள்ள வச்சு வெளிய இருந்து பாருங்க, புள்ளி புள்ளியா வெளிச்சம் வந்தா பூச்சி அரிச்சது. வெள்ளை கர்ச்சீப்பால நாலு தேய் தேய்ச்சு பாருங்க, கலர் ஒட்டிச்சுன்னா வேர்வைக்கு நெத்தியெல்லாம் சாயம் ஆயிடும்.

முக்கியமா உள்பட்டை. நெத்தியில படுதே அந்த பட்டை, ஸ்வெட்பேண்ட்னு சொல்லுவாங்க. அத வெளிய பிரட்டி பாருங்க. தைச்சிருந்தா நல்லது, பசை போட்டு ஒட்டியிருந்தா நம்ம சித்திரை வெயிலுக்கு ஒரே மாசம். தோல் பட்டையா கிடைச்சா எறநூறு முன்னூறு கூட குடுத்து வாங்கிக்கோங்க, அந்த காசு வீண் போகாது. இந்த விலையில பெரும்பாலும் துணிப்பட்டை தான் வரும், பரவால்ல. வெளிய சுத்தியிருக்கற ரிப்பன், சொருகின இறகு, உள்ள இருக்கற பளபள சாட்டின் இதெல்லாம் ஷோ, அதுக்கு மயங்கி காசு குடுக்காதீங்க.

கேள்வி: சைஸ் எப்படி எடுக்கறது? ஆன்லைன்ல ஒருத்தன் 58ங்கறான், இன்னொருத்தன் 7 1/4ங்கறான், ஒண்ணும் புரியல. *(பாலக்கோடு வாசகர்)*

பதில்: ரெண்டும் ஒண்ணு தாங்க. 58ங்கறது தலைய சுத்தி சென்டிமீட்டர். 7 1/4ங்கறது அதே சுத்தளவ இஞ்ச்ல மாத்தி பை கணக்குல வகுத்தது, பள்ளிக்கூடத்துல படிச்ச வட்டம் விட்டம் தான். 57ன்னா 7 1/8, 59ன்னா 7 3/8. டெய்லர் டேப் இல்லன்னா ஒரு கயிறு போதும், அரைஞாண் கயிறு கூட ஆகும், யார் கேக்கப் போறா. காதுக்கு மேல ஒரு விரல் இடம் விட்டு, நெத்தி நடுவுல, பின்மண்டை புடைப்ப சேத்து சுத்தி, இறுக்காம பிடிச்சு, ஸ்கேல்ல அளங்க. மூணு தடவ அளந்து பெருசா வந்தத எடுத்துக்கங்க. கொஞ்சம் லூசா இருந்தா உள்பட்டைக்கு பின்னாடி பேப்பர நீளமா மடிச்சு சொருகிக்கலாம். டைட்டா வாங்கிட்டா நெத்தியில கோடு விழும், தலைவலி வரும், நீங்களே ஒரு வாரத்துல பீரோ மேல தூக்கிப் போட்டுடுவீங்க.

கேள்வி: ஊல் தொப்பி மழையில நனைஞ்சா சுருங்கும்னு சொல்றாங்களே, நிஜமா? *(பென்னாகரம் வாசகர்)*

பதில்: நிஜம், எனக்கே ஆச்சு. என் முதல் ஊல் தொப்பிய போட்டுக்கிட்டு ஒகேனக்கல்ல பரிசல் ஏறினேன். அருவிப் பக்கம் போனா சாரல் அடிக்கும்னு தெரியாத ஆளா நான், ஸ்டைலு தான் கண்ண மறைச்சுது. சொட்ட சொட்ட நனைஞ்சுது. திரும்பி வந்து அத ரூம் மொட்டைமாடி தகரத்து மேல உச்சி வெயில்ல காய வச்சேன் பாருங்க, அது தான் பெரிய தப்பு. சாயந்திரம் எடுத்து தலையில வச்சா கொட்டாங்குச்சி கவுத்தின மாதிரி உச்சியில நிக்குது. 58 போய் 56 ஆயிருந்துச்சு. கூட வந்தவனுங்க பஸ் தருமபுரி சேர்ற வரைக்கும் சிரிச்சானுங்க.

நனைஞ்சிடுச்சுன்னா தண்ணிய உதறிட்டு, உள்பட்டைய வெளிய பிரட்டி விட்டு, பட்டை மேல தொப்பிய நிக்க வச்சு, நிழல்ல ஃபேன் காத்துல காய விடுங்க. வெயில், ஹேர் டிரையர், அடுப்பு பக்கம் வேண்டவே வேண்டாம். ஓரம் வளைஞ்சு போயிருந்தா இட்லி பானையில ஆவி வர்ற நேரத்துல அந்த இடத்த மட்டும் பத்து செகண்டு காட்டி, கையால நீவி, ஆறுற வரைக்கும் அப்படியே பிடிங்க. முழு தொப்பியையும் ஆவியில காட்டாதீங்க, என் கொட்டாங்குச்சி கதை தான் ஆகும். மூடின கார்ல பின் கண்ணாடிக்கிட்ட வைக்கறதும் அதே கதை தான்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ஃபர் ஃபெல்ட் வாங்கலாமா? 5எக்ஸ், 10எக்ஸ்னு போட்டிருக்கே, அது என்ன? முயல் முடின்னா முயல கொல்லுவாங்களா? *(தருமபுரி வாசகர்)*

பதில்: மூணாவத முதல்ல சொல்லிடறேன். ஆமாங்க, கொன்னு தான் எடுக்கறாங்க, பெரும்பாலும் கறிக்கு வளக்கற முயலோட தோல்ல இருந்து. மனசு ஒப்பலன்னா ஊல் போங்க, ஆட்டுக்கு முடி வெட்டிக்கறது தான்.

எக்ஸ்ங்கறது ஒரு காலத்துல பீவர் முடி எவ்வளவு கலந்திருக்குன்னு சொல்ற அடையாளம். இன்னைக்கு பொது அளவுகோல் எதுவும் இல்ல, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு போடறான், அதனால ஒருத்தனோட 5எக்ஸையும் இன்னொருத்தனோட 5எக்ஸையும் ஒப்பிடவே முடியாது. பெரிய பேரும் அப்படி தான். ஸ்டெட்சன் 1865ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச கம்பெனி, போர்சலினோ 1857ல இத்தாலியில, ரெண்டுமே கெட்டிக்கார கம்பெனி தான், ஆனா ஸ்டெட்சன்னு பேர் இருந்தாலும் அவங்ககிட்டயே ஊல் தொப்பியும் இருக்கு ஃபரும் இருக்கு. பேர பாத்து ஃபர்னு நினைச்சு வாங்கி ஏமாறக்கூடாது.

செகண்ட் ஹேண்ட்ல 2,500க்கு ஃபர் கிடைச்சா அது யோகம், ஆனா டார்ச் டெஸ்ட்ட விடாதீங்க, உள்பட்டை மொறுமொறுன்னு வெடிச்சிருந்தா வேண்டாம், மாத்தித் தர்ற ஆள் நம்ம பக்கம் கிடைக்கறது கஷ்டம். வெளிநாட்ல இருந்து வரவழைச்சா கஸ்டம்ஸும் சேத்து கணக்கு போடுங்க. ரொம்ப பழைய தொப்பி, உங்க தாத்தா காலத்துக்கும் முன்னாடின்னா, தொடாதீங்க. அப்பல்லாம் முயல் முடிய பாதரசம் கலந்த மருந்துல நனைச்சு தான் ஃபெல்ட் பண்ணினாங்க, தொப்பி செய்யற தொழிலாளிங்களுக்கு கை நடுக்கம், புத்தி தடுமாற்றமெல்லாம் வந்து, அமெரிக்காவுல 1941ல தான் அத நிறுத்தினாங்க.

கேள்வி: எம்.ஜி.ஆர். போட்டது ஃபர் தொப்பி தானே? அதுவும் இதுவும் ஒண்ணா? *(ஊத்தங்கரை வாசகர்)*

பதில்: இல்லிங்க. அவர் போட்டது முடி வெளிய புசுபுசுன்னு தெரியற குல்லா, ஓரமே கிடையாது. ஃபர் ஃபெல்ட்ல முடி முடியாவே தெரியாது, அமுக்கி அமுக்கி தோல் மாதிரி வழவழன்னு ஆக்கியிருப்பாங்க.

கேள்வி: தலைக்கு தினமும் தேங்காண்ணெய் வைக்கற பழக்கம். தொப்பி தாங்குமா? பூச்சிக்கு என்ன பண்றது? *(காவேரிப்பட்டணம் வாசகர்)*

பதில்: தாங்காது. எண்ணெயும் வேர்வையும் சேந்து பட்டைய தாண்டி வெளிய ரிப்பனுக்கு மேல கருப்பா ஒரு வளையம் போட்டுடும், அப்புறம் அது போகவே போகாது. தொப்பி போடற அன்னைக்கு எண்ணெய் வேண்டாம், இல்லன்னா உள்ள மெல்லிசா ஒரு காட்டன் துணி. புதுசா பட்ட கறைன்னா உடனே முகப்பவுடர் தூவி ராத்திரி பூரா விட்டு காலையில பிரஷ்ஷால தட்டி எடுங்க, இந்த பவுடர் வித்தை வெளிர் கலருக்கு நல்லா வேலை செய்யும், கருப்புக்கு வெள்ளையா நிக்கும், பொறுமையா பிரஷ் பண்ணணும். வீட்டுக்கு வந்ததும் பட்டைய வெளிய பிரட்டி ஒரு மணி நேரம் ஆற விடுங்க. ஊலும் ஃபரும் பூச்சிக்கு பிடிச்ச சாப்பாடு, வாரம் ஒரு தடவ மெத்துனு இருக்கற பிரஷ்ஷால தட்டி, பெட்டியில நாஃப்தலின் உருண்டைய துணியில முடிஞ்சு போடுங்க, தொப்பி மேல நேரா படக்கூடாது.

இன்னொண்ணு, தொப்பிய எடுக்கும்போது மேல அந்த கிள்ளின குழிய பிடிச்சு தூக்காதீங்க. பாக்க அழகா இருக்கும், கிருஷ்ணகிரி தம்பியோடது கிழிஞ்சதும் அனேகமா அதனால தான். பிரிம்ம முன்னாடியும் பின்னாடியும் பிடிச்சு எடுங்க. வைக்கும்போது தலைகீழா வைங்க, ஓரம் தரையில பட்டா தட்டையாயிடும்.

கேள்வி: ஃபெல்ட் தொப்பி நம்ம ஊர் வெயிலுக்கு ஆகுமா? பைக்ல போட்டுக்கிட்டு போலாமா? *(ஓசூர் வாசகர்)*

பதில்: ஓசூர், தளி பக்கம் மார்கழி தையில காலைக்கு அருமையா இருக்கும், வத்தல்மலை ஏறினாலும் சரி. பங்குனி சித்திரையில தருமபுரியில போட்டா மண்டை வெந்துடும், அப்ப ஓலைத் தொப்பி தான். பைக்ல ஹெல்மெட் போடுங்க சாமி. நேஷனல் ஹைவேஸ்ல லாரி பக்கத்துல போகும்போது அடிக்கற காத்துக்கு தொப்பி சூளகிரி வரைக்கும் தனியா போயிடும்.