உள்ளூர் உணவுத் திருவிழாவில் எதைக் கேட்டு வாங்குவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

யாழ்ப்பாணம் முற்றவெளி போன்ற திறந்த வெளிகளிலும் பாடசாலை மைதானங்களிலும் உள்ளூர் உற்பத்தியாளர்கள் கூடி விற்கும் உணவுத் திருவிழாக்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பாதிக் கடைகளில் ‘இயற்கை விவசாயம்’, ‘நஞ்சற்றது’ என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். விலையும் சந்தையைவிடக் கூட. எதை நம்பி வாங்குவது? (கோண்டாவில் வாசகி)

பலகையை யாரும் எழுதலாம். சான்றிதழ் இருக்கிறது என்று சொன்னால் அதைக் காட்டச் சொல்லுங்கள். சேதன (இயற்கை விவசாய) உற்பத்திக்கு இலங்கையில் எஸ்.எல்.எஸ். 1324 என்ற தரநியமம் உண்டு. சான்றிதழில் உற்பத்தியாளரின் பெயர், எந்தப் பயிர், எந்தக் காணி, எந்தத் திகதி வரை செல்லும் என்ற நான்கையும் பாருங்கள். நெல்லுக்கு மட்டும் எடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, பக்கத்தில் மிளகாய்த்தூளையும் அதே பெயரில் விற்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

ஆனால் சான்றிதழ் இல்லை என்பதற்காக ஒரு கமக்காரரை ஒதுக்கிவிடாதீர்கள். அரை ஏக்கர் தோட்டக்காரருக்கு அந்தச் செலவு கட்டாது. அவரோடு கதையுங்கள். தோட்டம் எந்த ஊரில், எத்தனை போகமாக இரசாயனம் போடவில்லை, இந்தப் பயிருக்கு முன் அந்த நிலத்தில் என்ன நின்றது, வெங்காயத்தில் புழு விழுந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். உண்மையில் செய்பவரிடம் விபரம் கொட்டும். பூவரசங்குழையும் காவோலையும் மண்ணில் தாழ்த்தது, வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்துத் தெளித்தது, எந்தப் போகத்தில் விளைச்சல் விழுந்தது என்றெல்லாம் சொல்வார். வாங்கி விற்பவரிடம் “எல்லாம் இயற்கைதான்” என்ற ஒற்றை வசனம்தான் வரும். 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தி, அதே ஆண்டு இறுதிக்குள் மீண்டும் அனுமதித்தது. அந்த ஒரு போகம் உரமில்லாமல் விதைத்ததை வைத்து இன்றைக்கும் ‘சேதனம்’ என்று சொல்பவர்கள் உண்டு. எத்தனை போகம் என்ற கேள்வியை விடவேண்டாம் என்பது அதனால்தான்.

கூட விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. யாழ். குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழை நீர் செம்மண்ணூடாகச் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கிணற்றில் திரும்ப நமக்கு வருகிறது. தோட்டத்தில் மிதமிஞ்சிக் கொட்டும் யூரியா நைத்திரேற்றாகி அதே வழியில் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் இதனால் ஆபத்து அதிகம். உரத்தைக் குறைத்துச் செய்யும் ஒருவரிடம் வாங்கும்போது உங்கள் ஊர்க் கிணற்றுக்கும் சேர்த்தே செலவழிக்கிறீர்கள்.

கேள்வி: பனையோலைக் குட்டானில் விற்கும் பனங்கட்டியில் சீனி கலந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (சாவகச்சேரி வாசகர்)

முதலில் கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ பனங்கட்டிக்குக் கிட்டத்தட்ட 8 முதல் 10 லீற்றர் கருப்பநீர் (பதநீர்) காய்ச்ச வேண்டும். மரம் ஏறுகிற கூலி, பாளையில் கட்டும் முட்டிக்குச் சுண்ணாம்பு, மணிக்கணக்காக எரிக்கும் விறகு எல்லாம் இதற்கு மேல். ஆகவே சீனி விலைக்குக் கிட்ட நிற்கும் பனங்கட்டி கலப்பில்லாததாக இருக்க வழியில்லை.

அடுத்து ஒரு குட்டானைப் பிரித்து உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த முகம் மங்கலாக, ஒரே கபிலமாக இருப்பது நல்லது. வெளிச்சத்தில் பிடிக்கும்போது கண்ணாடித் துகள்போலப் பளபளக்கும் மணிகள் தெரிந்தால் சீனியைச் சந்தேகிக்கலாம். வாயில் போட்டால் இனிப்போடு மெல்லிய உப்புச் சாயலும் புகை வாசமும் வரவேண்டும். வெறும் இனிப்பு மட்டும் நாக்கில் அடித்தால் வைத்துவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் கருகக் காய்ச்சினால் சீனிப்பாகும் கறுக்கும். இவையெல்லாம் சந்தேகத்தை எழுப்பும் அடையாளங்கள். முடிவாகச் சொல்ல ஆய்வுகூடம்தான் வேண்டும்.

ஒரு துண்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் வைத்தால் அடியில் கொஞ்சம் வெள்ளை மண்டி நிற்கும். கள்ளாகப் புளிக்காமல் இருக்க முட்டிக்குள் பூசும் சுண்ணாம்பின் மீதி அது. கொஞ்சம் இருப்பது இயல்பு. தடிப்பாகப் படிந்தாலோ நாக்கைச் சுட்டாலோ தெளிய விடாமல் காய்ச்சியிருக்கிறார்கள். மணல் நெருநெருத்தால் வடிக்கவில்லை.

மாரி காலத்தில் பனங்கட்டி காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், அது பழுதல்ல. காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தலில் போட்டு வையுங்கள். பூஞ்சணம் பிடித்தால் சுரண்டிப் பார்க்காமல் எறியுங்கள்.

“கொஞ்சம் சீனி சேர்த்தது” என்று ஒருவர் உள்ளதைச் சொல்லி, லேபலிலும் எழுதி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அதில் பிழையில்லை.

கேள்வி: செக்கு நல்லெண்ணெய் ஒரு கடையில் மலிவு, அடுத்த கடையில் நல்ல விலை. ஏன்? (மானிப்பாய் வாசகி)

இரண்டு கடையும் ஒரே அளவில் விற்கிறதா என்று பாருங்கள். நம்மூரில் ‘ஒரு போத்தல்’ என்றால் 750 மில்லிலீற்றர். ஒருவர் போத்தலுக்கும் மற்றவர் லீற்றருக்கும் விலை சொன்னால் ஒப்பிட முடியாது. போத்தல் விலையை மூன்றால் பிரித்து நான்கால் பெருக்குங்கள், லீற்றர் விலை வரும்.

அதன் பிறகும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் எள்ளு விலையோடு ஒப்பிடுங்கள். எள்ளின் நிறையில் பாதிக்குக் கிட்ட எண்ணெய் இருந்தாலும் செக்கு முழுவதையும் பிழியாது. ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள்ளுப் போகும். பிண்ணாக்கு விற்ற காசு ஆட்டுக் கூலியை ஓரளவு ஈடுசெய்யும். எண்ணெய் விலை இரண்டரைக் கிலோ எள்ளு விலையைவிட நன்றாகக் குறைந்து நின்றால், வேறு எண்ணெய் கலந்திருக்கலாம் அல்லது பழைய சரக்காக இருக்கலாம்.

ஆட்டிய திகதியைக் கேளுங்கள். செக்கு எண்ணெய் தெளியச் சில நாள் எடுக்கும், அடியில் மெல்லிய மண்டி இருப்பது குறையல்ல. வெயிலில் அடுக்கி வைத்த வெள்ளைப் பிளாஸ்ரிக் போத்தலை எடுக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் பட்டுச் சிக்கு வாடை ஏறியிருக்கும்.

கேள்வி: திருவிழாவில் வாங்கிய ஒடியல் மாவில் கூழ் காய்ச்சினேன், கசந்தது. மா பழுதா? (வாசகர், நல்லூர்)

பெரும்பாலும் இல்லை. பனங்கிழங்கை அவிக்காமல் காயவைத்ததுதான் ஒடியல், அதற்கு இயல்பிலேயே கசப்பு உண்டு. மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல் நீரை வடித்து ஊற்றுங்கள். இரண்டு முறை செய்தால் கசப்பு நன்றாகக் குறையும். பிறகு கூழைத் தடித்துக் கொதிக்கும்வரை காய்ச்ச வேண்டும், பச்சையாகச் சாப்பிடக் கூடாது. புழுக்கொடியல் மா வேறு. கிழங்கை அவித்துக் காயவைத்து இடிப்பதால் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து அப்படியே சாப்பிடலாம். பைக்கற்றில் வெறும் ‘ஒடியல்’ என்று மட்டும் இருந்தால் எது என்று கேட்டே வாங்குங்கள். மா மணத்தில் பூஞ்சண வாடை வந்தால் அதுதான் பழுது.

கேள்வி: சொந்தப் பாத்திரம் கொண்டு போனால் நிறையில் நட்டம் வருமா?

வராது. வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் பிறகு போடச் சொல்லுங்கள். கருப்பநீர் வாங்குவதென்றால் காலையிலேயே வாங்கி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோய், அன்றைக்கே குடியுங்கள். நுரைத்துப் புளித்தால் நொதித்துவிட்டது. கூழும் கறியும் ஆவி பறக்கும் சூட்டில் பரிமாறும் கடையில் சாப்பிடுங்கள். ஆறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற நண்டு, இறால் வேண்டாம்.

கேள்வி: திருவிழா முடிந்தால் கடையே இருக்காது. வாங்கியது பழுதென்றால் யாரிடம் போவது? (சுன்னாகம் வாசகி)

அதனால்தான் வாங்கும்போதே லேபலைப் பார்க்க வேண்டும். உற்பத்தியாளர் பெயரும் முகவரியும், சேர்பொருட்கள், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி இருக்கவேண்டும். முகவரியில்லாத பைக்கற்றைக் கொண்டு பிறகு யாரையும் தேட முடியாது. பற்றுச்சீட்டுக் கேளுங்கள், கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை. சீட்டுப் புத்தகம் இல்லாத சிறு உற்பத்தியாளரிடம் ஒரு தாளில் பொருள், நிறை, விலை, திகதி எழுதி ஒப்பம் வாங்கினாலும் போதும்.

முதலில் உற்பத்தியாளருடன் பேசுங்கள். பெயரைக் காப்பாற்ற நினைப்பவர் மாற்றித் தருவார். சரிவராவிட்டால், உணவு பழுதாக இருந்தாலோ கலப்படம் என்று சந்தேகித்தாலோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி மாதிரி எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. விலை, பற்றுச்சீட்டு, பொய் விளம்பரம் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவித்து, எழுத்திலும் கொடுங்கள். தாமதிக்க வேண்டாம். மீதிப் பொருளை உறையோடு மூடி வைத்திருங்கள். வேறு போத்தலுக்கு மாற்றிவிட்டால், அது அந்தக் கடையில் வாங்கியதுதான் என்று காட்டுவது கடினம்.