எலிக்கு முழங்கால் வலிக்கிறதா? வாசகர் கேள்விகள்

எலி வாய் திறந்து சொல்லாது. முழங்கால் வலிக்கிறது என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

மூட்டுத் தேய்மான மருந்துகளை முதலில் முழங்காலைக் கெடுத்த எலிகளிடம் சோதிக்கிறோம், ஆனால் வலியை நேராக அளக்கும் கருவி இதுவரை கிடையாது. வலித்தால் எலி என்ன செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்றுதான் பார்க்க முடியும். எளிய வழி, எடையை எந்தக் காலில் போடுகிறது என்று பார்ப்பது. சாய்வான ஒளிபுகும் பெட்டிக்குள் எலி முன்னங்கால்களை உயர்த்தி நிற்கும். பின்னங்கால் ஒவ்வொன்றின் கீழும் தனித் தராசு. ஆரோக்கியமான எலி இரண்டிலும் ஏறக்குறைய சரிபாதி எடை வைக்கும். மூட்டு கெட்ட எலி, கோயில் வரிசையில் நிற்கும் பாட்டி மாதிரி, நல்ல காலுக்கு மாறிக்கொள்ளும். சில விநாடிகளின் சராசரியைப் பல தடவை எடுப்போம். எலி திரும்பினாலோ பெட்டிச் சுவரில் சாய்ந்தாலோ அந்த எண் குப்பைதான். அதனால் திரையைப் பார்க்காதீர்கள், எலியைப் பாருங்கள்.

கெட்டது முழங்கால். பாதத்தில் ஏன் குத்துகிறீர்கள்?

நியாயமான சந்தேகம். வான் ஃப்ரே இழை என்பது குறிப்பிட்ட விசையில் வளைந்துவிடும் நைலான் இழை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடலியலாளர் வான் ஃப்ரே குதிரை முடியை வைத்துத் தொடங்கிய வேலை இது. கம்பிவலைத் தளத்தில் எலியை விட்டு, அது மோப்பம் பிடித்து, முகம் துடைத்து, அடங்கி உட்காரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கீழிருந்து பாதத்தை இழையால் தொடுவோம். காலை வெடுக்கென இழுத்தால் அடுத்து மெல்லிய இழை, இழுக்காவிட்டால் தடித்தது. இப்படி மேலும் கீழும் போய், பாதிக்குப் பாதி வாய்ப்பில் கால் இழுக்கவைக்கும் விசையைக் கணக்கிடுவோம். மூட்டிலிருந்து ஓயாமல் செய்தி வந்தால் தண்டுவட நரம்பணுக்கள் உஷாராகிவிடும். அப்போது பாதத்தைத் தொட்டாலும் உறுத்தும். அதனால்தான் பாதம்.

ஆனாலும் இது ஒரு அனிச்சைச் செயல். இதை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையை நான் நம்புவதில்லை. குழாயில் சரளைக்கல்லை நிரப்பி வைத்து, எலி எவ்வளவு தோண்டி வெளியே தள்ளுகிறது என்று எடை போடும் சோதனை எனக்குப் பிடிக்கும். தோண்டுவது எலியின் சுபாவம், வலித்தால் குறையும்.

அயோடோஅசிடேட் ஊசியா, மெனிஸ்கஸ் அறுவையா?

சோதனைக்காக மூட்டைக் கெடுக்கும் இரண்டு வழிகள் இவை. அயோடோஅசிடேட் என்ற வேதிப்பொருளை மூட்டுக்குள் போடும் ஊசி, குருத்தெலும்புச் செல்கள் சர்க்கரையை எரிப்பதைத் தடுத்து அவற்றைக் கொன்றுவிடும். சில நாட்களிலேயே வலி தெரியும். சுண்டெலியில் மெனிஸ்கஸின், அதாவது முழங்காலுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பின், பிணைப்பை அறுத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆனால் அடிபட்ட பின் மனிதருக்கு வரும் தேய்மானத்துக்கு அதுவே நெருக்கம்.

ஒரே எலிகளை நானும் தோழியும் அளந்தோம், எண்கள் ஒத்துப்போகவில்லை. யார் தப்பு?

இரண்டு பேரும் சரியாக அளந்திருக்கலாம். மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு 2014இல் காட்டியது இது: ஆண் ஆய்வாளர் பக்கத்தில் இருந்தாலே எலிகளும் சுண்டெலிகளும் பதற்றப்பட்டு வலியைக் குறைவாகக் காட்டின. ஆண் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட்டை வைத்தாலும் அதே கதை! ஆகவே ஆய்வு முழுக்க ஒருவரே அளக்கட்டும். அதே அறை, அதே நேரம். எந்த எலிக்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் என்பது அவருக்குத் தெரியவே கூடாது. ஒருமுறை கூண்டு அட்டையில் யாரோ மருந்தின் பெயரை எழுதிவிட, நாங்கள் ஒரு வார அளவுகளைத் தூக்கிப் போட்டோம்.

எலியில் ஜெயித்த மருந்து மனிதரிடம் ஏன் தோற்கிறது?

பிஎஃப்-04457845 என்ற மருந்து எலிகளின் மூட்டு வலியைக் குறைத்தது. முழங்கால் தேய்மானம் உள்ள நோயாளிகளிடம் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்று 2012இல் முடிவு வந்தது. அதே ஆய்வில் வழக்கமான வலி மாத்திரையான நாப்ராக்ஸன் வேலை செய்தது, அதனால் சோதனை முறையைக் குறை சொல்ல வழியில்லை. வயதான, பருமனான, பல ஆண்டு வலியோடு வாழ்பவர் எங்கே, இளம் ஆண் எலி எங்கே?

என் நாய் நொண்டுகிறது. வீட்டில் எப்படிக் கணிப்பது?

முதலில், உங்கள் ஐபுப்ரோஃபெனைக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அது நஞ்சு. மருத்துவர் மருந்து தொடங்கிய பிறகு ‘தேவலை’ என்று உங்கள் கண்ணுக்குத் தோன்றுவதையும் நம்பாதீர்கள். வெற்று மருந்து கொடுத்தபோதும் உரிமையாளர்கள் முன்னேற்றம் கண்டிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை அதே படியில், அதே நேரத்தில் ஏறுவதைச் செல்போனில் பிடியுங்கள். அப்புறம் தேதியை மறைத்து, வரிசையைக் கலைத்து, நாயை அதிகம் பார்க்காத ஒருவரிடம் காட்டி எதில் நொண்டல் குறைவு என்று கேளுங்கள்.