ஆற்றுக்கு அடியில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் சுரங்கப்பாதை கட்டுவதென்றால் எதை முதலில் கவனிக்க வேண்டும்?

வாசலை. ஆற்றுக்கு அடியில் கிடக்கும் குழாயைக் கட்டுவது நெடுநாளாகத் தெரிந்த வேலை. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 1942-இல் திறந்த மாஸ் சுரங்கத்துக்கு, கான்கிரீட் பகுதிகளைத் தனியே வார்த்து, மிதக்கவிட்டு இழுத்து வந்து, ஆற்றுப்படுகையில் தோண்டிய பள்ளத்தில் இறக்கிப் பொருத்தினார்கள். அதில் சைக்கிளுக்கு மேலே ஒரு பாதை, நடப்பவர்களுக்குக் கீழே ஒரு பாதை. மலேசியாவில் எங்கள் தெலுக் இந்தான் பக்கத்துக் களிமண்ணைப் போலவே அங்கும் மண் இளக்கம்தான்.

சிரமம் இறங்கி ஏறுவதில். ஆறு 6 மீட்டர் ஆழம், குழாய்க்கு மேல் மண் 2 மீட்டர், உள்ளே உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தின் தரை 11 மீட்டருக்குக் கீழே போய்விடும். 20 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்றால் ஒவ்வொரு கரையிலும் 220 மீட்டர் சாய்தளம் வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாக்கினால், சந்தை முடிந்து அரிசி மூட்டையோடு வரும் அம்மாவால் சைக்கிளை மேலே தள்ள முடியாது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் இருக்கும் ஆற்றுச் சுரங்கம் 31 மீட்டர் ஆழம் என்பதால் லிஃப்டும் நகரும் படிக்கட்டும் வைத்தார்கள். தோட்டப்புறத்தில் லிஃப்ட் பழுதானால் யார் உடனே வந்து பார்ப்பார்கள்? சரிவுதான் நம்பகமானது.

அப்புறம் மழை. எங்கள் பக்கம் நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு சின்னப் பாதை இருக்கிறது. கனமழை பெய்தால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரோரமாகச் சைக்கிளைத் தள்ளி வருவார்கள். ஆற்றுச் சுரங்கத்தில் இந்த நிலை வரவே கூடாது. வெள்ளம் ஏறிய உச்ச மட்டத்தைவிட வாசல் விளிம்பு உயரமாக இருக்க வேண்டும். அதாவது முதலில் கொஞ்சம் ஏறித்தான் இறங்க வேண்டும். அடியில் நீர் சேரும் குழி, இரண்டு பம்ப், தனி ஜெனரேட்டர். இடி மழையில் கரண்ட் போகும் நேரத்தில்தான் பம்ப் ஓட வேண்டியிருக்கும்.

மோட்டார் சைக்கிள் நுழையாமல் கம்பி நட்டால் சக்கர நாற்காலியும் நுழையாது. இங்கிலாந்தின் டைன் ஆற்றில் 1951-இலேயே நடப்பவர்களுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று என இரண்டு குழாய் போட்டார்கள். அப்படிப் பிரித்தால், நடைபாதையையாவது மோட்டார் சைக்கிளிடமிருந்து காப்பாற்றலாம். பாதை நேராக இருக்கட்டும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு மறுமுனை இங்கிருந்தே தெரிய வேண்டும்.

உயரமான படகு போகாத ஆறு என்றால் நான் பாலத்தையே கேட்பேன். படகுக்கு 5 மீட்டர் விட்டாலும், 11 மீட்டர் இறங்கி ஏறுவதில் பாதி சிரமம்தான்.